ஐந்து பத்தித் தலைப்பு

எங்கள் மாடியில் நாலு வீடு, ஒரே வராந்தா, ஒரே கொடிக்கயிறு. கயிறு விஷயமாக இங்கே நடந்த சண்டைகளைச் சொல்ல ஆரம்பித்தால் சொல்ல வந்தது நின்றுபோகும். திங்களும் வியாழனும் எனக்கு என்று ஏற்பாடு. பக்கத்து வீட்டு எழுத்துக்காரருக்கு மட்டும் கிழமை கிடையாது. தோன்றுகிறபோது என் துணிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, நடுவில் நாலு கிளிப் மாட்டி ஒரு பெரிய தாளைத் தொங்கவிடுவார். தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்பக்கமாகவே நடப்பார். பன்னிரண்டு எட்டு. பன்னிரண்டாவது எட்டில் என் வீட்டு வாசல். வாசலில் என் வாளி. இந்த வருடத்தில் மட்டும் மூன்று தடவை அதில் கால் வைத்திருக்கிறார். ஒரு தடவைகூட என்னைப் பார்த்து மன்னிப்புக் கேட்கவில்லை. "'ண'வுக்கு இடுப்பு பெருத்திருச்சு" என்று முனகிக்கொண்டே ஈரக்காலோடு உள்ளே போய்விடுவார்.

எழுத்துக்காரர் என்றதும் கதை எழுதுகிறவராக்கும் என்று நானும் முதல் மாதம் அடக்கமாகப் பேசினேன். அவர் எழுதுகிறவர் அல்ல, எழுத்தை வரைகிறவர். ஒரு மாலைப் பத்திரிகை தன் தலைப்புகளுக்கென்று தனி எழுத்து கேட்டிருந்தது. நம் சொற்களோ சரக்கு ரயில் நீளம். தடி எழுத்தில் நாலு சொல் வைத்தால் பக்கத்தின் ஐந்து பத்தி அகலமும் தீர்ந்துவிடும், மேற்கொண்டு என்ன நடந்ததென்று சொல்ல இடமிருக்காது. அதனால் எழுத்து தடியாகவும் இருக்கணும், பக்கவாட்டில் ஒடுங்கியும் நிற்கணும், ஒவ்வொரு கோட்டின் நுனியிலும் சின்னதாகப் பாதம் வைத்து கௌரவமாகவும் தெரியணும் என்று ஆசிரியர் கேட்டாராம். கடையில் தொங்கும் பத்திரிகையை எதிர் நடைபாதையில் போகிறவன் நின்று படிக்க வேண்டும். அதற்குத்தான் பன்னிரண்டு எட்டு. வீட்டுக்குள் எட்டு எட்டு வைத்தாலே சமையலறைச் சுவர் முட்டும்.

பதினோரு மாதம் இதே வேலை. அவர் மனைவி பள்ளிக்கூடச் சீருடைகளுக்குக் காலர் தைக்கிறவள். மிஷினை நிறுத்தாமலே ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "இவர் எழுத்தைப் பாருங்கக்கா, வயித்தை எக்கி நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு, மேலதிகாரி முன்னால நிக்கிற போலீஸ்காரன் மாதிரி. மூச்சு விட்டா பொத்தான் தெறிச்சிரும்."

சொன்னது சரிதான். ஆனால் போலீஸ்காரன் வாசலில் வந்து நின்று ஒன்று சொன்னால் நாம் நம்பாமல் இருக்கிறோமா?

அந்த வீட்டில் இன்னும் இரண்டு பேர். தையல்காரியின் தங்கையும் அவள் புருஷனும். கல்யாணமாகி ஐந்து மாதம். தனி வீடு கிடைக்கிறவரை முன்னறையில் இருக்கிறார்கள். சின்னவள் சலவைக்கூடத்தில் மதிய ஷிப்ட், ஆஸ்பத்திரிப் படுக்கைவிரிப்புகளை இஸ்திரி போடுகிற வேலை. அவள் புருஷன் ஊருக்கு அடியில் ரயிலுக்காகத் தோண்டுகிற சுரங்கத்தில். ஆள் கதவை அடைத்துக்கொண்டு நிற்பான். காலையில் நாலு முட்டை, இரண்டு பெரிய டம்ளர் டீ, வாயிலிருந்து ஒரு வார்த்தை. அதுவும் பெரும்பாலும் "வரேன்"தான்.

அன்று வியாழக்கிழமை. மழை பிடித்து நாலாவது நாள். துணி காயவில்லை, சுவர் வியர்த்தது, வராந்தா முழுக்கப் புழுங்கிய வாடை. எட்டரை மணி இருக்கும். என் நாளாயிற்றே என்று ஈரத்துணியோடு வெளியே வந்தால் நடுக்கயிற்றில் தாள் தொங்குகிறது. வழக்கமாக அவர் தொங்கவிடுவதில் நாலைந்து எழுத்துகள் சும்மா வரிசையாக நிற்கும். இது அப்படி இல்லை. முழுப் பத்திரிகைப் பக்கம். மேலே அந்த மாலைப் பத்திரிகையின் பெயர். பக்கத்தில் தேதி, அன்றைய தேதி. கீழே, ஐந்து பத்திக்கும், இரண்டு வரியில்:

சுரங்கத்தில் மண் சரிவு
பதினேழு பேர் கதி என்ன?

அதற்கும் கீழே பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. என் கண்ணாடி உள்ளே இருந்தது. தலைப்பைப் படித்த பிறகு கீழே யார் படித்திருக்கிறார்கள்?

மாலைப் பத்திரிகை நாலு மணிக்கு வரும். பக்கம் காலையிலேயே தயாராகிவிடும் என்பது எனக்குத் தெரியும், அவரேதான் சொல்லியிருக்கிறார். வாளியைக் கீழே வைத்தேன்.

நான் சத்தம் போட்டேன், ஓடிப்போய்ச் சொன்னேன் என்றெல்லாம் பிற்பாடு சிலர் பேசினார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. கேட்டேன். சின்னவள் வாசற்படியில் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்தாள். "உன் வீட்டுக்காரரு இன்னைக்குக் காலை ஷிப்டா, மதிய ஷிப்டா?" என்று கேட்டேன். அவ்வளவுதான்.

"காலை ஷிப்டுக்கா. ஆறு மணிக்கே இறங்கியிருப்பாரு. ஏன்?"

"ஒண்ணுமில்ல. அந்த ரயில் சுரங்கம்தானே?"

"ஊர்ல வேற எந்தச் சுரங்கம் இருக்கு?" என்றவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் எங்கே பார்க்கிறேன் என்று பார்த்தாள். சீப்பு தலையிலேயே இருக்க எழுந்து வந்தாள்.

அவள் வாய்விட்டுத்தான் படித்தாள். முதல் வரியைப் படித்தாள். இரண்டாவது வரியில் 'பதினேழு' வரைக்கும் வந்தாள். பிறகு கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கயிறு தாழ்ந்து, திங்கட்கிழமை போட்டுக் காயாமல் ஓரத்தில் கிடந்த என் துணியெல்லாம் தரையில் புரண்டது.

போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சுரங்கத்தின் வாயில் ஒரு மரப்பெட்டி இருக்கிறது, இறங்குகிறவர்கள் எல்லோரும் போனை அதில் போட்டுவிட்டுத்தான் இறங்க வேண்டும், இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால்தான் எடுக்க முடியும். இது அவளுக்கும் தெரியும். என்னிடமே நாலு தடவை சொல்லியிருக்கிறாள். தெரிந்தும் போட்டாள், மறுபடி போட்டாள்.

"அக்கா," என்றாள் உள்ளே பார்த்து. "அக்கா."

மிஷின் நின்றது. தையல்காரி வந்து படித்தாள். வாயில் வைத்திருந்த ஊசியை எடுத்து முந்தானையில் குத்திக்கொண்டாள். "என்னங்க," என்று குளியலறைக் கதவைத் தட்டினாள். "வெளிய வாங்க. இப்பவே."

எழுத்துக்காரர் காதில் சோப்பும் இடுப்பில் துண்டுமாக வந்தார். மூன்று பெண்களும் தாளின் முன்னால் நிற்பதைப் பார்த்து அவர் முகத்தில் ஒரு மலர்ச்சி வந்ததே, அதை நான் மறக்க மாட்டேன்.

"நல்லா வந்திருக்கில்ல?" என்றார்.

சின்னவள் அவரைப் பார்த்தாள். "எப்போ அத்தான்?"

"நேத்து ராத்திரியே முடிச்சிட்டேன்."

"ராத்திரியா? ராத்திரியே சரிஞ்சும் இவரைக் காலைல இறங்கச் சொன்னாங்களா?"

"யாரை?"

"அவரை அத்தான். உங்க சகலையை. உயிரோட இருக்காரா?"

எழுத்துக்காரர் திரும்பித் தாளைப் பார்த்தார். பதினோரு மாதத்தில் அன்றுதான் அவர் தன் எழுத்தை எழுத்தாகப் பார்க்காமல் படித்தார் என்று நினைக்கிறேன். சோப்பு நுரை கழுத்தில் இறங்கியது.

"ஐயோ, இது சும்மா," என்றார். "இது மாதிரிப் பக்கம்மா. எழுத்து எப்படி நிக்குதுன்னு பார்க்கறதுக்கு. நானா அடிச்சது. எங்கயும் ஒண்ணும் சரியலை."

"தேதி போட்டிருக்கே."

"அது கம்ப்யூட்டர்ல இருக்கற பத்திரிகைப் பக்கத்தோட அச்சு. காலைல அடிக்கத் திறந்தேன், தேதி தானா விழுந்துருச்சு."

"எதுக்குச் சுரங்கம்னு போட்டீங்க? ஊர்ல வேற வார்த்தையே கிடையாதா?"

"'சு'வோட வால் கீழ் வரியை இடிக்குதான்னு பார்க்கணும். 'ங்'கும் 'க'வும் ஒட்டினாப்புல வரணும். 'மண்'ணுல 'ண்' இருக்கு, அதுதான் எனக்குத் தலைவலி. பூகம்பம்னு போட்டா இதெல்லாம் வராது."

"பதினேழுன்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலம்மா. 'பத்து பேர்'னு போட்டேன், வரி குட்டையா நின்னுச்சு. 'பதினேழு' போட்டா ஐந்து பத்திக்கும் சரியா வந்து முட்டுது. 'ழு'வும் பார்த்த மாதிரி ஆச்சு."

தையல்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள். "வரி நிரம்பறதுக்காகப் பதினேழு பேரைக் கொன்னுட்டீங்களா?"

"கொல்லலை. 'கதி என்ன'ன்னுதான் போட்டிருக்கேன்."

"அவரையும் சேர்த்து இறங்கறது பதினாலு பேரு," என்றாள் சின்னவள் மெதுவாக. "பதினேழுன்னா மீதி மூணு பேர் யாரு?"

"மேலேருந்து பார்வையிட யாராச்சும் போயிருக்கலாம்," என்றேன் நான். கணக்கு உதைக்கிறதே என்று சொன்னதுதான். தையல்காரி என்னைப் பார்த்த பார்வையில் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருக்க வேண்டும். போகவில்லை.

சின்னவளுக்கு அவர் சொன்னது எதுவும் ஏறவில்லை. பேச்சாலேயே அவரை மூலைக்குத் தள்ளிக்கொண்டே இருந்தாள். உங்களுக்கு ஆபீஸ்ல தெரியும், என்கிட்ட சொல்ல வேணாம்னு சொல்லியிருக்காங்க, அக்கா மூஞ்சியைப் பாருங்க, அவளுக்கும் தெரியும். நனைந்த கோழிபோல நடுங்கியபடி இதையே சொன்னாள். எழுத்துக்காரர் துண்டோடு ஓடி, ஆபீஸில் கழித்துக்கட்டியதென்று வீட்டுக்குக் கொண்டுவந்திருந்த அகலப் பிரிண்டரில் இன்னொரு பக்கத்தை அடித்துக்கொண்டு வந்தார். அதே பெயர், அதே தேதி, அதே தடி எழுத்து:

மேயர் ஆனது பூனை
ஊர்வலத்தில் எலிகள்

"பாரு," என்றார் மூச்சு வாங்க. "இதுவும் நான் அடிச்சதுதான். இது நடந்துச்சா?"

சின்னவள் அதை நிதானமாகப் படித்தாள். "இது பொய்னு தெரியுது அத்தான். அது தெரியலையே."

அவர் அந்தத் தாளையும் கயிற்றில் மாட்டினார். இரண்டு தாளும் பக்கத்தில் பக்கத்தில் ஆடின. பூனைகூட, அந்த எழுத்தில் இரண்டாம் தடவை பார்க்கும்போது, எந்த ஊரிலாவது மேயராகியிருக்குமோ என்று தோன்றிற்று.

அடுத்து அவர் செய்ததுதான் மகா புத்திசாலித்தனம். பத்திரிகை ஆபீஸுக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கும்படி வைத்தார். அவர்களே சொல்லிவிட்டால் இவள் நம்புவாள் அல்லவா.

"சார், ரயில் சுரங்கத்துல மண் சரிவுன்னு ஏதாச்சும் செய்தி..."

"என்னது?" என்றது போன். நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. "எப்போ? எத்தனை பேரு?"

"இல்ல சார், அப்படி ஒண்ணும் இல்லைன்னு சொல்லத்தான்..."

"இல்லைன்னு யாரு சொல்றா, கம்பெனியா? உங்க வீட்டு ஆளு ஒருத்தர் உள்ள வேலை பார்க்கறார்ல? லைன்லயே இருங்க. டேய், கேமராவை எடுத்துக்கிட்டு கிளம்பு."

"சார், அது நான் எழுத்துக்கு..."

லைன் செத்துவிட்டது. சின்னவள் செருப்பைத் தேடினாள். தேடியது காலில்தான் இருந்தது.

சுரங்க வாசலுக்கு வேனில் இருபது நிமிடம். நானும் போனேன், அந்தப் பிள்ளைக்குக் குடை பிடிக்க ஆள் வேண்டுமே. தையல்காரி தங்கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே வந்தாள். எழுத்துக்காரர் எதிர் சீட்டில், சட்டைப் பொத்தானை ஒன்று தள்ளிப் போட்டுக்கொண்டு, அந்தத் தாளைச் சுருட்டி மடியில் வைத்திருந்தார். அதை ஏன் எடுத்து வந்தார் என்று அவருக்கும் தெரியவில்லை. வேனின் துடைப்பான் கண்ணாடியில் கிறீச் கிறீச் என்றது. "நேத்து சாப்பாட்டு டப்பாவை அப்படியே திருப்பிக் கொண்டாந்தாருக்கா," என்றாள் சின்னவள் திடீரென்று. "பசிக்கலைன்னாரு. அவருக்கா பசிக்கல?" அக்கா அவள் கையை இன்னும் இறுக்கினாள்.

வாசலில் எங்களுக்கு முன்னே பத்திரிகை வண்டி நின்றது. அதைப் பார்த்துத்தான் சுரங்கம் தோண்டுகிற கம்பெனிக்காரர்கள் கேட்டைச் சாத்திச் சங்கிலி போட்டிருந்தார்கள். கேட் சாத்தியிருப்பதைப் பார்த்துத்தான் நிருபன் நோட்டில் எழுத ஆரம்பித்திருந்தான். இரண்டையும் பார்த்து அக்கம்பக்கத்துக் கடைகளிலிருந்து ஆட்கள் கூடியிருந்தார்கள். உள்ளே வேலை செய்கிறவர்களின் வீட்டுப் பெண்களும் ஏழெட்டுப் பேர் அதற்குள் வந்துவிட்டார்கள். அவர்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். வேனுக்கு நின்றபோது மளிகைக்கடையில் நான் இரண்டே வார்த்தைதான் சொன்னேன்.

வாட்ச்மேன் பாவம், மழையில் நனைந்துகொண்டு ஒரே பாட்டாகப் பாடினான். "ஒண்ணும் இல்லம்மா. உள்ள ஒண்ணுமே இல்ல. வீட்டுக்குப் போங்க."

"ஒண்ணும் இல்லைன்னா எதுக்குய்யா சங்கிலி?" என்றாள் சின்னவள்.

"பேப்பர்காரங்க வந்திருக்காங்கன்னு பூட்டச் சொன்னாங்க."

"ஒண்ணும் இல்லாததுக்கு எதுக்குய்யா பேப்பர்காரங்க?"

கம்பி வழியாக உள்ளே தெரிந்தது: சேறு, நனைந்த சிமெண்டு மூட்டைகள், தகரக் கொட்டகை, நடுவில் இரும்புச் சட்டத்துக்குள் ஆட்களை இறக்குகிற கூண்டின் கம்பிவடம். வடம் அசையவில்லை. அங்கே நின்ற அத்தனை பெண்களும் அந்த வடத்தையே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன், மறைப்பதற்கென்ன. ஆனால் பத்து நிமிடம் அசையாத வடத்தைப் பார்த்ததில், நான் பிடித்திருந்த குடை யார் தலைக்கும் மேலே இல்லை என்பதே எனக்குத் தெரியவில்லை.

எஞ்சினியர் வந்தார். மஞ்சள் தொப்பி, கறைபடாத பூட்ஸ். "வதந்தியைக் கிளப்பினது யாரு?" என்றார்.

யாரும் கையைக் காட்டவில்லை. ஆனால் எழுத்துக்காரர் கையில் சுருட்டியிருந்த தாள் நனைந்து விரிந்துகொண்டிருந்தது. '...தி என்ன?' என்ற பகுதி எல்லோருக்கும் தெரிந்தது. கூட்டத்திலிருந்து ஒருத்தி அவர் சட்டையைப் பிடித்தாள். "என் தம்பி உள்ள இருக்கான்யா. தெரிஞ்சதைச் சொல்லு, எதுவா இருந்தாலும் சொல்லு." அவர் சொன்னார், வால், 'ண்', ஐந்து பத்தி எல்லாம் சொன்னார். மழையில் அந்த விளக்கம் எப்படி இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இன்னும் இரண்டு கைகள் அவர் சட்டையில் சேர்ந்தன.

சின்னவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு எஞ்சினியரிடம் சொன்னாள், குரலை உயர்த்தாமல்: "சார், நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நீங்க சொல்றது எனக்குக் காதுல விழாது. அவரை மேல கூட்டிட்டு வாங்க. மூஞ்சியைப் பார்த்துட்டுப் போயிடறேன்."

"ஷிப்ட் நடுவுல எல்லாரையும் ஏத்த முடியாதும்மா. ஒரு நாள் வேலை போயிரும்."

"போகட்டும் சார்."

அவள் பின்னால் இருந்த பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கம்பியைப் பிடித்தார்கள். யாரும் ஆட்டவில்லை, சும்மா பிடித்தார்கள். நிருபன் போட்டோ எடுத்தான். எஞ்சினியர் கேமராவைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு வாட்ச்மேனிடம் என்னவோ சொன்னார். சங்கு ஊதியது.

வடம் அசைந்தது.

முதல் தடவை ஐந்து பேர். இரண்டாவது தடவை ஐந்து பேர். ஒவ்வொரு தடவையும் கேட்டருகே ஒரு பெண்ணோ இரண்டு பெண்களோ முகத்தைப் பொத்திக்கொண்டு விலகினார்கள், மீதிப் பேர் இன்னும் நெருங்கினார்கள். கூண்டு மூன்றாவது தடவை இறங்கியபோது சின்னவள் எண்ணுவதை நிறுத்திவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். நான்தான் சொன்னேன், "வந்துட்டான்டி" என்று. நல்ல செய்தியையும் நான்தான் சொன்னேன் என்பதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை.

நெற்றிவரை சேறு, உதட்டில் சேறு. வாட்ச்மேன் சங்கிலியை அவிழ்க்க, எல்லோரும் உள்ளே புகுந்தோம். அவன் பெண்டாட்டியைப் பார்த்தான், கண்ணைச் சிமிட்டினான். மற்றவர்கள் சிலர் சிரித்தார்கள், சிலர் சம்பளம் போச்சே என்று திட்டினார்கள். அவன் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. எழுத்துக்காரர் தாளைப் பின்னால் மறைத்துக்கொண்டு, "சகலை, தப்பு என்னுதுதான், சும்மா ஒரு மாதிரிக்கு..." என்று ஆரம்பித்தார். அவன் அதை வாங்கி விரித்தான். இரண்டு வரியையும் படித்தான். எழுத்துக்காரரின் முழங்கையைப் பிடித்துத் தகரக் கொட்டகைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான். நான் குடையோடு தற்செயலாக அந்தப் பக்கம் நின்றேன்.

"உனக்கு யாரு சொன்னா?" என்றான்.

"எதை?"

"இதை. மேஸ்திரி சொன்னாரா?"

"யாரும் சொல்லல சகலை. வரி நிரம்பணும்னு..."

"வெளிய சொன்னா வேலை இல்லைன்னு சொல்லியிருக்காங்க. நான் வீட்டுலகூட வாயைத் திறக்கலை. பின்ன எப்படி உனக்கு?"

எழுத்துக்காரர் தாளை அவன் கையிலிருந்து வாங்கி மறுபடி படித்தார். வீட்டிலிருந்து கிளம்பியதிலிருந்து நடுங்கியவர்கள் எல்லோரும் பொய்க்கு நடுங்கினோம். அந்த நிமிடம் வந்த நடுக்கம் நிஜத்துக்கு.

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு நாலு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். தேயிலை தீர்ந்துவிட்டதென்று நான் ஒரு டம்ளரோடு போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. மேசையில் ரொட்டி, வெட்டிய தக்காளி, அவித்த முட்டைகள், யாரும் தொடாமல்.

"நாலு நாள் ஆச்சு," என்றான் அவன். இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "முதல்ல சுரங்கத்துக் கூரையில தண்ணி வேர்வை மாதிரி இருந்துச்சு. அப்புறம் விரல் தடிமன்ல ஒழுகுச்சு. தெளிஞ்ச தண்ணியா வந்தா பயமில்ல. நேத்துலேருந்து கலங்கலா வருது. கலங்கலா வந்தா உள்ள மண்ணைத் தின்னுக்கிட்டு வருதுன்னு அர்த்தம். மேஸ்திரி நோட்டுல எழுதினாரு. நோட்டு எஞ்சினியர் மேசைக்குப் போச்சு. மேசைலயே இருக்கு."

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள் சின்னவள்.

"சொன்னா நீ விடுவியா?"

"விடமாட்டேன்."

"அதான்."

அவள் எழுந்துபோய் அவன் பூட்ஸை எடுத்து அலமாரிக்குள் வைத்துப் பூட்டினாள். சாவியைக் கையில் பொத்திக்கொண்டு வந்து மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தாள். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நான் ஒருத்தன் நின்னா நாளைக்கு வேற ஒருத்தனை எறக்குவாங்க. பதிமூணு பேரோட அவன் இறங்குவான். அவ்வளவுதான்."

நாலு மணிப் பத்திரிகையைத் தையல்காரி வாங்கி வைத்திருந்தாள். முதல் பக்கத்தில் இல்லை. மூன்றாம் பக்கத்தில், கட்டம் கட்டி, பழைய எழுத்தில் ஒரு சின்னத் தலைப்பு: 'சுரங்கப் பணி பாதுகாப்பாக நடக்கிறது: நிர்வாகம் விளக்கம்'. எதிர்ப் பக்கம் முழுக்க அதே கம்பெனியின் விளம்பரம். எழுத்துக்காரர் அந்தச் சின்னத் தலைப்பை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். எழுத்தைப் பார்க்கிறாரா படிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

"சகலை," என்றான் அவன். "காலைல நீ அடிச்சியே, அந்த எழுத்துல இன்னொண்ணு அடிப்பியா?"

"என்னன்னு?"

"நோட்டுல இருக்கறது. கேட்டுல ஒட்டறதுக்கு. மத்த பதிமூணு பேருகிட்டயும் நான் பேசறேன். வாயால சொன்னா, வேலைக்குப் பயந்தவன்னு பேரு. நோட்டுல எழுதினா மேசைக்குப் போகும். இன்னைக்கு ஒரு தாளைப் பார்த்துட்டு அந்த ஆளு சங்கை ஊதினான்."

தையல்காரி கத்திரிக்கோலைக் கீழே வைத்தாள். "உங்க பத்திரிகைக்கு வரைஞ்ச எழுத்து. அவங்க விளம்பரம் வாங்கற கம்பெனி. தெரிஞ்சா உங்களை உள்ள விடுவாங்களா?"

"விடமாட்டாங்க," என்றார் எழுத்துக்காரர்.

தையல்காரி மிஷின் சக்கரத்தைக் கையால் சும்மா ஒரு சுற்றுச் சுற்றினாள். "அப்ப ஒட்டறதுக்கு மாவு காய்ச்சட்டுமா?" என்றாள்.

அவர் உட்கார்ந்தார். அந்த மனிதர் வேலை செய்வதை நான் பதினோரு மாதமாக ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். விசில் அடிப்பார், காலை ஆட்டுவார். அன்று இரண்டும் இல்லை. ஒவ்வொரு சொல்லையும் அடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "நாலு நாள்னு உறுதியா? மூணரை இல்லையே?" "கலங்கலா வர்றது எல்லாரும் பார்த்தாங்களா?" "பதினாலு பேரும் சம்மதிப்பாங்களா? ஒருத்தர் மாட்டேன்னாலும் பதிமூணுன்னு மாத்தணும்." சகலையும் பொறுமையாகப் பதில் சொன்னான். ஒவ்வொரு பதிலுக்கும் எழுத்துக்காரரின் நெற்றியில் வியர்வை கூடியது. இரண்டு மணிநேரம் போனிலேயே பேசி, பதினான்காவது ஆளும் சரி என்ற பிறகுதான் பிரிண்டரை ஓடவிட்டார். ஆறு தாள்களை ஒட்டிச் சேர்த்து, என் வீட்டு வாசல் வரை நீளமாக வராந்தாத் தரையில் விரித்தார்கள். பன்னிரண்டு எட்டு பின்னால் போய்ப் பார்க்க இடமே இல்லை. அவரும் பார்க்கவில்லை.

மறுநாள் ஐந்தேமுக்காலுக்கு வெளிச்சம் வந்துவிட்டது. மழை தூறலாக இருந்தது. கேட்டின் குறுக்கே, இரண்டு கம்பத்துக்கும் நடுவில்:

நாலு நாளாக நீர்க்கசிவு, இப்போது கலங்கல்
பதினாலு பேரும் இறங்க மாட்டோம்

சாலைக்கு அந்தப் பக்கம் பஸ்ஸில் போனவர்கள் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தார்கள். அதன் கீழே பதினாலு பேர் நின்றார்கள். பூட்ஸ் இல்லாமல் செருப்போடு நின்றது அவன் ஒருவன்தான். யாரும் கோஷம் போடவில்லை. நாலைந்து பேருக்கு இப்போதே ஓடிவிடலாமா என்றுதான் இருந்தது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒருவன் திரும்பத் திரும்பத் தொப்பியைக் கழற்றி மாட்டினான்.

எஞ்சினியர் ஜீப்பை வெகுதூரத்திலேயே நிறுத்திவிட்டார். இறங்கி நடந்து வந்தார். "யாரோட வேலை இது?" என்றார்.

"எங்களோடது சார்," என்றான் அவன். "பதினாலு பேரோடதும்."

"ஆறு மணிக்குக் கூண்டு இறங்கும். ஏறாதவங்க நாளைக்கு வர வேணாம்."

ஆறு மணிச் சங்கு ஊதியது. யாரும் அசையவில்லை. அந்தச் சங்கு அவ்வளவு நேரம் ஊதும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. கொட்டகையில் விசையருகே நின்றவன் எஞ்சினியரைப் பார்த்தான். அவர் தலையை அசைத்தார். பிடிவாதமோ, பழக்கமோ, கூண்டைக் காலியாகவே இறக்கினார்கள். வடம் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அடியில் போய் நின்றது. வழக்கம்போல் ஒரு நிமிடம் காத்து, மறுபடி ஏறியது.

மேலே வந்து நின்ற கூண்டிலிருந்து தண்ணீர் கொட்டியது. முழங்கால் உயரத்துக்குக் கம்பிகளில் சேறு படிந்திருந்தது. தரைப் பலகையின் இடுக்குகள் வழியாக, மஞ்சளும் செம்மண்ணுமாக, குழம்புக் கெட்டியில் ஒழுகிக்கொண்டே இருந்தது. எஞ்சினியர் பக்கக்கதவு வழியாக உள்ளே போய் அதன் பக்கத்தில் குனிந்தார். கையை நீட்டி ஒரு துளியை வாங்கி, விரல்களுக்கிடையே வைத்துத் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார்.

சின்னவள் அவனுக்குப் பின்னால் நின்று, அவன் சட்டையின் முதுகைக் கொத்தாகப் பிடித்திருந்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. அவளும் கையை விடவில்லை.

"வாட்ச்மேன்," என்றார் எஞ்சினியர், நிமிராமல். "கேட்டைத் திற, உள்ள இருக்கற ஆளுங்க வெளிய வரட்டும். எல்லாரும் தள்ளிப் போங்க. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போங்க."